அம்மம்மா வீடு குழு: ரோமிலிருந்து பலெர்மோவுக்கு

காலை 7.02
நான்: ரோம் டெர்மினிக்கு வந்துவிட்டோம். பலகையில் பலெர்மோ ரயில் இருக்கிறது, பிளாட்பார எண் இன்னும் போடவில்லை.

அக்கா: பதறாதே தம்பி. இங்கே பினாரியோ எண் கடைசி நேரத்தில்தான் விழும். பலகையைப் பார்த்தபடி நில்லுங்கள், சாமான்களை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

7.21
நான்: ஏறிவிட்டோம். பிள்ளைகள் ஜன்னலோரம் பிடித்துவிட்டார்கள். [படம்]

அக்கா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கதவருகே "சிராகூசா" என்று போட்டிருக்கிறதே! டிக்கெட்டில் கரோட்ஸா, அதுதான் பெட்டி, எண் என்ன?

நான்: 3. நாங்கள் இருப்பது 8.

அக்கா: உடனே எழும்பி உள்ளாலேயே நடந்து 3க்குப் போங்கள். மெசினாவில் ரயிலை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாதி இங்கே வரும், மற்றது கத்தானியா வழியாகச் சிராகூசா போய்விடும். நான் பலெர்மோவில் காத்து நிற்க, நீங்கள் சிசிலித் தீவின் மறுகரையில் இறங்குவீர்கள்.

7.44
நான்: 3இல் இருக்கிறோம் அக்கா. பெரிய பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஐந்து பெட்டி கடந்து வந்தோம். நீ பார்த்திராவிட்டால் பிள்ளைகளோடு என்ன செய்திருப்பேனோ.

மாமா: எல்லோரும் சாப்பிட்டீர்களா? சாப்ரி வந்ததும் வலப்பக்கம் கடல் வரும், நித்திரை கொள்ள வேண்டாம்.

மதியம் 1.52
நான்: வில்லா சான் ஜியோவானி துறைமுகம். ரயிலைத் துண்டுகளாக்கி, முன்னும் பின்னுமாக இழுத்து, கப்பலுக்குள் தள்ளுகிறார்கள். வெளிச்சம் போய்விட்டது. ஜன்னலுக்கு ஒரு சாண் தள்ளி வெள்ளை பூசிய இரும்புச் சுவர். கப்பலின் தண்டவாளத்தில் சக்கரம் ஏறும்போது டொக், டொக் என்று இரண்டு சத்தம். சின்னவன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அம்மா: கோச்சி கப்பலுக்குள்ளேயா போகிறது?

நான்: ஓம் அம்மா. ஆட்களை இறக்காமலே.

மாமா: 1899இலிருந்து இந்த மெசினா நீரிணையில் இப்படித்தான் கடக்கிறது. அகலம் குறைந்த இடத்தில் 3 கிலோமீட்டர் சொச்சம்தான்.

அம்மா: எனக்குப் பதினான்கு வயதில் அப்பாவோடு சிதம்பரம் போனேன். தலைமன்னார் இறங்குதுறை வரைக்கும் கோச்சி, அங்கே இறங்கிக் கப்பல். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனதால் ராமேஸ்வரத்தில் கரையேறினோம். பிறகு வேறு கோச்சி. அப்பா தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, "என் சட்டையை விடாதே பிள்ளை" என்று சொல்லிச் சொல்லி நடந்தார். கூட்டத்தில் அவர் முதுகு ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அக்கா: இதை நீங்கள் எங்களுக்குச் சொன்னதேயில்லை அம்மா.

2.31
நான்: படி ஏறி மேல்தளத்துக்கு வந்தோம். நல்ல காற்று. அரஞ்சீனி வாங்கினோம், உள்ளே சோறும் இறைச்சியும், கை சுடுகிறது. மெசினா துறைமுக வாயிலில் பொன்னிற மாதா சிலை தெரிகிறது. [படம்]

அக்கா: அதைக் கண்டால் சிசிலி வந்துவிட்டது என்று அர்த்தம். கீழே போய் உங்கள் கரோட்ஸாவிலேயே உட்காருங்கள். ஞாயிற்றுக்கிழமை புனிதை சாந்தா ரொசாலியாவிடம் மலை ஏறுவோம். இங்குள்ள நம் ஆட்கள், சைவமோ கிறிஸ்தவமோ, எல்லோரும் போவார்கள். நான் வந்த புதிதில் வேலை கிடைக்க நேர்த்தி வைத்ததும் அங்கேதான்.

அம்மா: தம்பி, கப்பல் தண்டவாளமும் கரைத் தண்டவாளமும் சேருகிற இடத்தைப் படம் எடுத்து அனுப்பு. அதை ஒருக்கால் பார்க்க வேண்டும்.

3.40
நான்: ரயிலுக்குள் இருந்ததால் அந்த இடம் தெரியவில்லை அம்மா. சத்தத்தைப் பதிவு செய்தேன். [குரல்பதிவு 0:19]

அம்மா: கேட்டேன். திரும்பவும் கேட்கிறேன்.

இரவு 7.10
அக்கா: பலெர்மோ சென்ட்ராலேயில் நிற்கிறேன். 25 நிமிடம் ரித்தார்தோ, தாமதம், காட்டுகிறது. புட்டு அவித்து வைத்துவிட்டுத்தான் வந்தேன்.