செரோடோனின் குறைவுங்கறதே பொய்யாம். அப்போ மாத்திரையை நிறுத்திடலாமா?

குன்னூர்க்காரன்:
எங்க மாப்பிள்ளை, அதாவது தங்கச்சி வீட்டுக்காரர், சில வருஷமா டிப்ரஷனுக்கு எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் சாப்பிடறார். ஆரம்பத்துல டாக்டர் சொன்னது ஒரே வரி: மூளையில செரோடோனின்னு ஒரு கெமிக்கல் கம்மியா இருக்கு, மாத்திரை அதைச் சரிபண்ணிடும். நாங்களும் சரின்னு விட்டுட்டோம். இப்பப் படிச்சா, 2022-லயே லண்டன்ல ஜோனா மான்கிரீஃப்னு ஒரு மனநல மருத்துவரும் கூட இருந்தவங்களும் பழைய ஆய்வையெல்லாம் தொகுத்துப் பார்த்து, செரோடோனின் குறையறதாலதான் டிப்ரஷன் வருதுங்கறதுக்கு உருப்படியான ஆதாரம் இல்லைன்னு எழுதியிருக்காங்க.

போன ஐப்பசி மழையில மண் சரிஞ்சு மேட்டுப்பாளையம் ரோடு அடைச்சப்ப, எங்க எஸ்டேட் பக்கம் இருக்கற ஒரே மெடிக்கல்ல மாத்திரை தீர்ந்துபோச்சு. ரெண்டு மூணு நாள்ல மனுஷனுக்குத் தலை சுத்தல். கண்ணை ஒரு பக்கம் திருப்பினா தலைக்குள்ள சுள்ளுனு கரண்ட் அடிக்குதுங்கறார். ராத்திரி பூரா கண்டபடி கனவு. ஸ்டாக் வந்து மாத்திரை போட்டதும் ஒரே நாள்ல எல்லாம் அடங்கிடுச்சு. இல்லாத குறைக்கு மருந்து குடுத்து, விடவே முடியாதபடி ஆக்கி வெச்சிருக்காங்க. நிறுத்தச் சொல்லலாம்னு இருக்கேன். மாத்துக் கருத்து இருந்தா சொல்லுங்க.

மூடுபனி:
ரோடு அடைச்சா கோத்தகிரி வழியா சுத்தி இறங்கியிருப்பார். வளைவுல வந்த தலைசுத்தலா இருக்கும். எனக்கே அந்த ரூட்ல வாந்தி வரும். இதுக்குப் போய் லண்டன் வரைக்கும் போறீங்களே.

குன்னூர்க்காரன்:
அவர் பஸ்ஸே ஏறலைங்க. கட்டில்ல படுத்திருந்தவருக்கு எந்த வளைவு?

மாத்திரை அட்டை:
நான் ஊட்டியில மெடிக்கல் வெச்சிருக்கேன், டாக்டர் இல்லை. ஆனா ரெண்டு கேள்வியை ஒண்ணாக் கட்டிட்டீங்க, அதை முதல்ல பிரிக்கணும்.

நரம்பு செல் செரோடோனினை வெளிய விடும். வேலை முடிஞ்சதும் ஒரு புரதம் அதைத் திரும்ப உள்ள இழுத்துக்கும். உங்க மாப்பிள்ளை சாப்பிடற வகை மருந்து அந்தப் புரதத்தை அடைக்குது. முதல் மாத்திரை போட்ட சில மணி நேரத்துலயே அது நடந்துடும். ஆனா மனசுல மாற்றம் தெரிய பொதுவா ரெண்டு வாரத்துலருந்து ஆறு வாரம் ஆகுது. குறையை நிரப்பறதுதான் வேலைன்னா அன்னிக்கே தெரியணுமே? நடுவுல அந்த செல்கள், செரோடோனினை உணர்ற சில ஏற்பிகளை மந்தமாக்கிக்கிட்டுப் புது நிலைமைக்குப் பழகுது. குணம் தெரியறது அந்தப் பழக்கத்தால இருக்கலாம்னு ஆராய்ச்சிக்காரங்க ரொம்ப காலமா பேசிட்டிருக்காங்க.

சரித்திரமும் தலைகீழ்தான். டிப்ரஷனுக்கு ஆரம்பத்துல குடுத்த மருந்துகள்ல ஒண்ணு ஐப்ரோனியாசிட். அது காசநோய்க்கு வந்த மருந்து. 1950களின் தொடக்கத்துல அமெரிக்காவுல அதைச் சாப்பிட்ட காசநோயாளிங்க திடீர்னு உற்சாகமா நடமாட ஆரம்பிச்சாங்க. மருந்து வேலை செய்யறதைப் பார்த்துட்டுத்தான் அப்புறம் காரணம் தேடினாங்க. நம்மூர் நீலகிரித் தைலம் தேய்ச்சா மூக்கடைப்பு விடுது. உடம்புல தைலம் குறைஞ்சதாலதான் சளி பிடிச்சதுன்னு சொல்வோமா? காரணம் தப்பாப் போனா மருந்தும் பொய்யின்னு ஆயிடாது.

குன்னூர்க்காரன்:
அப்போ அந்த ஒரு வரியை ஏன் சொன்னாங்க? அதை நம்பித்தானே சாப்பிட ஆரம்பிச்சார்?

மருந்து வேலை செய்யுதுங்கறதும் எவ்வளவு? 2018-ல லான்செட் இதழ்ல வந்த பெரிய தொகுப்பையும் பார்த்தேன். 522 சோதனை, 1,16,477 பேர், 21 மருந்து. எல்லாமே டம்மி மாத்திரையை விட மேல்தான், ஒத்துக்கறேன். ஆனா சராசரி வித்தியாசம் பெருசில்லை. அதுவும் பெரும்பாலும் எட்டு வாரக் கணக்கு. வருஷக்கணக்கா சாப்பிடறவருக்கு அதுல என்ன பதில் இருக்கு?

கோத்தகிரி டீச்சர்:
சராசரி வித்தியாசம் பெரிதில்லை என்று எழுதுவது எளிது, தம்பி. பரீட்சைப் பேப்பர் திருத்த உட்கார்ந்தால் ஒரே விடைத்தாளை விளக்கணைக்கும் நேரம் வரை பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு மார்க் போட்டிருக்க மாட்டேன். குளிக்க எழுவது மலையாக இருந்தது. மாத்திரையும் கவுன்சிலிங்கும் சேர்ந்து என்னைப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பி அனுப்பின. சராசரியில் நான் எந்தப் பக்கம் இருந்தேன் என்பது எனக்குத் தெரியும்.

நிறுத்துவதைப் பற்றி 2021-ல் பிரிட்டனில் வந்த ஆய்வு ஒன்று உண்டு. நீண்ட நாளாக மாத்திரை சாப்பிட்டு, நன்றாக இருந்து, நிறுத்தலாம் என்று தாங்களே நினைத்த 478 பேர். தொடர்ந்து சாப்பிட்டவர்களில் 39 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது. நிறுத்தியவர்களில் 56 சதவீதம். நிறுத்தச் சொல்லலாம் என்றிருக்கிறேன் என்கிறீர்களே, அதைச் சொல்ல நீங்கள் யார்?

ஒண்டிக்கட்டை:
அக்கா, அதே கணக்கை இந்தப் பக்கத்துலருந்து படிங்க. நிறுத்தினவங்கள்ல 44 சதவீதம் பேருக்குத் திரும்ப வரலை. அவங்க ஆயுசுக்கும் ஏன் சாப்பிடணும்?

எப்படி நிறுத்தினாங்கன்னும் பாருங்க. முதல் மாசம் பாதி டோஸ், ரெண்டாவது மாசம் அந்தப் பாதியை ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் ஒண்ணுமில்லை. அந்த அவசரத்துல வந்த தூக்கமில்லாமை, படபடப்பு, அழுகையெல்லாம் 'நோய் திரும்பிடுச்சு'ங்கற கணக்குல ஏறியிருக்காதுன்னு எப்படிச் சொல்றீங்க? நிறைய டாக்டருங்களே இப்படித்தான் பார்க்கறாங்க. விட்டா கஷ்டப்படறான், அப்போ நோய் இருக்கு, இன்னும் சாப்பிடு.

மாத்திரை அட்டை:
ஒண்டிக்கட்டை சொல்றதுல விஷயம் இருக்கு. ரெண்டையும் முழுசாப் பிரிக்க முடியாது, ஆனா அடையாளம் உண்டு. மாத்திரை விட்ட சில நாள்லயே வந்தா, பழைய நோய்ல இல்லாத தலைசுத்தல், கரண்ட் அடிக்கற உணர்வு, குமட்டல் இருந்தா, மாத்திரை போட்டதும் சீக்கிரம் அடங்கினா, அது பெரும்பாலும் விடுபடு தொந்தரவு. நோய் திரும்பறது வாரம், மாசம்னு மெதுவா, பழைய முகத்தோட வரும். மாப்பிள்ளைக்கு மழையில வந்தது முதல் வகை மாதிரிதான் தெரியுது. சாராயம் மாதிரி டோஸை ஏத்திக்கிட்டே போற வெறி இதுல கிடையாது. மருந்துக்குப் பழகின நரம்பு, அது திடீர்னு போனதும் தடுமாறுது.

பாதி, அப்புறம் சைபர்ங்கற கணக்குல எங்க பிசகுதுன்னா: டோஸும் மூளையில நடக்கற அடைப்பும் ஒரே வேகத்துல குறையறதில்லை. மார்க் ஹொரோவிட்ஸ், டேவிட் டெய்லர்னு ரெண்டு பேர் 2019-ல லான்செட் சைக்யாட்ரியில இதை எழுதினாங்க. எஸ்சிட்டலோபிராமோட நெருங்கின சொந்தம் சிட்டலோபிராமை எடுத்துக்குங்க. 20 மில்லிகிராம்ல அந்தப் புரதம் சுமார் 80 சதவீதம் அடைபடுது. 9 மில்லிகிராமுக்கு இறக்கினாலும் 70 சதவீதம். 5 சொச்சத்துலயும் 60. அடைப்பு 40 சதவீதமா ஆகணும்னா 2.3 மில்லிகிராம் வரைக்கும் இறங்கணும். அதாவது 20-லருந்து 5 வரைக்கும் இறங்கினதுல மூளைக்குப் பெருசா வித்தியாசம் தெரியாது. 'நல்லாத்தான் இருக்கு'ன்னு அங்கருந்து சைபருக்குத் தாவறாங்க பாருங்க, அங்கதான் விழறாங்க. கடைசி மில்லிகிராம்கள்ல படி ரொம்பச் சின்னதா இருக்கணும். கடையில கிடைக்கற சின்ன மாத்திரை அதுக்குப் போதாது. நெதர்லாந்துல கொஞ்சங் கொஞ்சமா டோஸ் குறையற மாதிரி அட்டையே தனியாப் போட்டு விக்கறாங்க.

ஒருநாள் விட்டு ஒருநாளும் எனக்கு உடன்பாடில்லை. எஸ்சிட்டலோபிராம் உடம்புல பாதியாகறதுக்கு சுமார் 30 மணி நேரம். ரெண்டு நாள் இடைவெளியில மூணுல ஒரு பங்குக்கு இறங்கி, திரும்ப ஏறி, திரும்ப இறங்கும். டிப்ரஷனுக்குக் குடுக்கற வேற மருந்துகள்ல, ஃப்ளூவாக்ஸ்டின் வாரக்கணக்கா தங்கும், அதனால தானே மெதுவா இறங்கிக்கும். வென்லாஃபாக்சின் சில மணி நேரம்தான். ஒரு வேளை தவறினாலே சிலருக்குத் தெரிஞ்சுடும்.

கோத்தகிரி டீச்சர்:
விளக்கம் நன்று. ஆனால் படிப்பவர்கள் எல்லாரும் தங்களுக்கும் கரண்ட் அடிக்கும் என்று பயந்துவிடக் கூடாது. 2024-ல் வந்த ஒரு தொகுப்பில், நிறுத்தியவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்குத் தொந்தரவு; டம்மி மாத்திரையை நிறுத்தியவர்களிலேயே 17 சதவீதம் பேர் அதையே சொல்லியிருக்கிறார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான்.

ஒண்டிக்கட்டை:
அதுல நிறைய ஆய்வு சில மாசம் மட்டுமே சாப்பிட்டவங்களை வெச்சு, அக்கா. அஞ்சு வருஷம் சாப்பிட்டவங்களுக்கு அந்த மூணு பேர் கணக்கு எப்படிப் பொருந்தும்?

மூடுபனி:
இதெல்லாம் மனசு வெச்சா முடியும்ங்க. காலையில தொட்டபெட்டா ரோட்டுல நடங்க, குளிர்காத்து பட்டா டிப்ரஷன் எங்க இருக்கும்?

கோத்தகிரி டீச்சர்:
குளிர்காற்று எனக்கும் வீட்டு வாசலிலேயே கிடைத்தது, ஐயா. வாசல் வரை எழுந்து போகத்தான் முடியவில்லை.

குன்னூர்க்காரன்:
என் கோபம் இன்னும் போகலை. விடறப்ப இப்படியெல்லாம் ஆகும்னு ஆரம்பிக்கற அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லாம எழுதிக் குடுத்தது தப்பு.

மாத்திரை அட்டை:
அதுல உங்ககூட சண்டையே இல்லை. ஆனா இவ்வளவு பேசினோம், மாப்பிள்ளை என்ன சொல்றார்னு யாரும் கேக்கலையே.

குன்னூர்க்காரன்:
நேத்து கேட்டேன். அவருக்கும் குறைக்க ஆசைதான், ஆனா இப்ப வேண்டாங்கறார். பேக்கரி வேலை. ஏப்ரல், மே சீசன்ல வர்க்கி அடுப்பை விட்டு நகர முடியாது. அது முடிஞ்சா மழை. திரும்ப ரோடு அடைச்சா என்ன பண்றதுன்னு பயப்படறார்.

கோத்தகிரி டீச்சர்:
அவர் சொல்வதே சரி. வேலை நெருக்கடியிலோ வீட்டில் பிரச்சினை இருக்கும்போதோ குறைக்கத் தொடங்கக் கூடாது என்றுதான் என் டாக்டரும் சொன்னார். இடையில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். தங்கச்சியிடமும் சொல்லி வையுங்கள். முன்பு எப்படி இருந்தார் என்பதைக் கூட இருப்பவர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

மாத்திரை அட்டை:
டாக்டர்கிட்ட போறப்ப மூணு விஷயம் கேளுங்க: அடுத்த படி எத்தனை மில்லிகிராம், ஒவ்வொரு படியிலயும் எத்தனை வாரம் நிக்கணும், தாங்கலைன்னா முந்தின டோஸுக்கே போகலாமா. குறைக்கறாரோ இல்லையோ, ஐப்பசிக்கு முன்னாடி ஒரு மாசத்துக்குச் சேர்த்து எழுதி வாங்கி வீட்டுல வெச்சுடுங்க. மண் சரிஞ்சா எங்க கடைக்கே லோடு வராது.