தேடத் தெரியும், தேறத் தெரியுமா? எல்லையோரக் கல்லூரி அனுபவங்கள்

பீர்மேடு பக்கம், கல்லூரி நூலகர்:

எங்கள் கல்லூரியில் எஸ்டேட் லயத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் மலையாளப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். முதலாண்டு நூலக வகுப்பு என்றாலே அவர்களுக்குக் கொட்டாவிதான். கேட்லாக் காட்டுவோம், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தைக் காட்டுவோம், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். போன வருஷம் அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு ஒரே கேள்வி கொடுத்தேன்: முல்லைப்பெரியாறில் எத்தனை அடி வரை தண்ணீர் தேக்கலாம்? செல்போனிலேயே தேடுங்கள்.

வேண்டாத வம்பு என்று சக ஆசிரியர் ஒருவர் தடுத்தார். 2011 டிசம்பரில் இந்த அணைப் பிரச்சினையால் குமுளி எல்லை பட்ட பாட்டைப் பார்த்தவர், அவர் பயம் நியாயம்தான்.

136, 142, 152 என்று மூன்று விடை வந்தது. யார் எதைச் சொல்லியிருப்பார்கள் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லோர் கையிலும் ஒரு வீடியோவோ செய்தியோ இருந்தது. “நெட்ல போட்டிருக்கு மிஸ்” என்று இரண்டு மொழியிலும் சத்தம்.

யாரையும் மறுக்காமல், ஒவ்வொரு செய்தியும் எந்த வருஷத்தது என்று மட்டும் கேட்டுப் பலகையில் எழுதினேன். அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 152 அடி. பாதுகாப்பு பற்றிப் பயம் கிளம்பியதால் 1979-க்குப் பிறகு 136-க்கு இறக்கினார்கள். 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 வரை தேக்கலாம் என்றது. அடுத்த மாதமே கேரளம் சட்டத்தைத் திருத்தி 136 என்றது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டத் திருத்தம் செல்லாது என்றது, மறுபடியும் 142. ஆக, 2007-ல் எழுதின செய்தியில் 136 இருந்தால் அது பொய்யில்லை, பழசு. அதைக் காட்டி இன்றைக்கு வாதாடுவதுதான் தப்பு. வகுப்பில் ஒருவர்கூடத் தேதியைப் பார்த்திருக்கவில்லை.

வண்டிப்பெரியாறு லயத்திலிருந்து வரும் ஒரு பெண் தீர்ப்பின் பிடிஎஃப்பையே இறக்கிவிட்டாள். அத்தனை பக்க இங்கிலீஷ், அந்தச் சின்னத் திரையில்! பக்கத்துப் பையன் விடவில்லை, “அப்போ கேரளத்தோட சட்டத்தையும் எடு, என்ன எழுதியிருக்குன்னு பாக்கலாம்” என்றான். எனக்கு அது போதும். அணை பலமா இல்லையா என்பதில் இரண்டு பேரும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை, அதைத் தீர்ப்பது நூலகர் வேலையும் இல்லை.

ஆசிரியர் யார், தேதி என்ன, நோக்கம் என்ன என்று டிக் அடிக்கும் பட்டியல்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பிரசாரத்துக்கென்றே நடத்தும் தளம்கூட லோகோ, ‘எங்களைப் பற்றி’ எல்லாம் வைத்துக்கொண்டு அதில் சுலபமாகத் தேறிவிடும். ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2017-ல் எழுதியது இதைத்தான் காட்டுகிறது. வரலாற்றாய்வாளர் 10 பேர், மாணவர் 25 பேர், உண்மை சரிபார்ப்பவர் 10 பேர், இவர்களிடம் இணையதளங்களைக் கொடுத்து நம்பலாமா என்று பார்க்கச் சொன்னார்கள். வரலாற்றாய்வாளர்களிலும் மாணவர்களிலும் பலர் கொடுத்த பக்கத்தையே மேலும் கீழும் உருட்டி ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் உடனே வெளியே வந்து, இந்தத் தளம் யாருடையது, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வேறு டேப்களில் தேடினார்கள். எங்கள் பிள்ளைகளிடம் இருப்பதோ செல்போன். அதில் டேப் மாற்றுவதற்குள் முதலில் படித்தது மறந்துவிடும். அதனால் ஜோடி போட்டுவிட்டேன். ஒருவர் பக்கத்தைத் திறந்து வைத்திருக்க, மற்றவர் தன் போனில் அதன் பூர்வீகத்தைத் தோண்ட வேண்டும். இப்போது இதை விளையாட்டாகவே செய்கிறார்கள்.

பாலக்காடு சித்தூர் பக்கம், முதுகலை ஆசிரியர்:

எங்களுக்கு வேறு தலைவலி. ப்ராஜெக்ட் கடைசியில் மேற்கோள் பட்டியல் பார்க்க லட்சணமாக இருக்கும். நிஜ ஆய்வாளர் பெயர், நிஜ ஜர்னல், தொகுதி எண், கட்டுரைக்குக் கொடுக்கும் நிரந்தர இணைய அடையாள எண்ணான டிஓஐ. அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் பக்கமே இருக்காது, இல்லாவிட்டால் மீன் வளர்ப்பு பற்றி ஏதாவது திறக்கும். சாட்ஜிபிடி கொடுத்ததை அப்படியே ஒட்டியிருப்பார்கள். 2018 யுஜிசி விதிப்படி பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. இந்தப் பட்டியல்களோ அந்தச் சோதனையில் ஜம்மென்று தேறிவிடும், உலகத்தில் இல்லாத கட்டுரையோடு எதை ஒப்பிட்டுப் பிடிப்பது? இப்போது வைவா என்ற வாய்மொழித் தேர்வில் நானே ஒரு மேற்கோளைத் தொட்டு, “இதைத் திறந்து காட்டுப்பா, மூணாவது பக்கத்துல என்ன இருக்கு?” என்கிறேன். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு பட்டியல்கள் பாதியாகச் சுருங்கிவிட்டன. சுருங்கட்டும்.

நகரி பக்கம், ஆய்வு மாணவி:

நூலகர் அக்கா சொன்னதை ஆய்வுப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். தகவலைத் தேடி மதிப்பிடும் திறனை அளக்கும் இந்தத் துறையில் முக்கால்வாசி ஆய்வு கேள்வித்தாள்தான். ‘நம்பகமான தகவலை என்னால் இனங்காண முடியும்’, ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’, ஒரு டிக், அதிலிருந்து ஒரு அட்டவணை. நானும் அதைக் கொடுத்தேன், கையோடு ஒரு வேலையும் கொடுத்தேன். திருத்தணி பக்கத்து மாங்காய் விலை பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு தகவல், அதன் மூலத்தைக் கண்டுபிடியுங்கள் என்று. கேள்வித்தாளில் எல்லாம் தெரியும் என்றவர்களில் பலர் அதே தகவலைப் போட்ட இன்னொரு குரூப்பைக் காட்டி ‘கிடைத்துவிட்டது’ என்றார்கள். மெலிசா கிராஸ், டான் லாத்தம் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்க மாணவர்களிடம் கண்டதும் இதேதான், திறமை குறைந்தவர்கள்தான் தங்களை அதிகமாக மதிப்பிடுகிறார்கள். என் வழிகாட்டி, “டிக் போட்டதை மட்டும் வெச்சு முடிம்மா, சீக்கிரம் ஆகும்” என்கிறார். நான் செய்முறையையும் சேர்த்தே தீருவேன் என்று நிற்கிறேன்.

அக்கா, ஜோடி முறையில் மதிப்பெண் எப்படிப் போடுகிறீர்கள்? ஒருவர் தேடி, மற்றவர் சும்மா உட்கார்ந்திருந்தால்?

பீர்மேடு நூலகர்:

நடுவில் போனை மாற்றிக்கொள்ளச் சொல்வேன் தங்கச்சி. மதிப்பெண் விடைக்கு இல்லை, போன வழிக்கு. எங்கே தேடினாய், எதை ஏன் விட்டாய் என்று நாலு வரி, தமிழோ மலையாளமோ, கையால் எழுதித் தர வேண்டும். சும்மா உட்கார்ந்தவருக்கு ‘ஏன் விட்டாய்’ என்ற வரி எழுத வராது.