பழைய மெக்சிகன் வெள்ளி: பச்சை முகக் கல்லும் நிறம் மாறும் கல்லும் அசலா?

வளையல்பெட்டி கேட்டது:
ஒரே ஆளிடம் மூன்று உருப்படிகள் விலைக்கு வந்திருக்கின்றன.
ஒன்று, ஆறு பச்சை முகங்கள் செதுக்கிப் பதித்த பிரேஸ்லெட், மொத்தம் 62 கிராம். பின்னால் கழுகு முத்திரை, அதற்குள் 3. கல்லை ‘மெக்சிகன் ஜேட்’ (பச்சை மணிக்கல்) என்கிறார்.
இரண்டு, பெரிய ஊதாக் கல் மோதிரம், 925 முத்திரை (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி). கல், வெளிச்சத்துக்கு ஏற்ப நிறம் மாறும் ‘அலெக்சாண்ட்ரைட்’டாம்.
மூன்று, டர்க்காய்ஸ் என்ற நீலக் கல் பதித்த பதக்கம். அதில் ‘அல்பாக்கா’ என்று மட்டும் அடித்திருக்கிறது.
மூன்றுக்கும் கல்லைச் சொல்லித்தான் விலை ஏற்றுகிறார். கல்லைக் கழற்றாமல் எப்படிப் பார்ப்பது?

பத்துமடங்கு:
மூன்றாவதை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அல்பாக்கா என்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. அதில் வெள்ளி ஒரு பொட்டுகூடக் கிடையாது. நீலக் கல்லும் பெரும்பாலும் பிசினில் கலந்த கல்பொடியாக இருக்கும். 10 மடங்கு லென்ஸில் துண்டுகளுக்கு நடுவே பளபளப்பான பிசினும் ஊசிமுனைக் குமிழிகளும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

மோதிரம். மெக்சிகோவில் அலெக்சாண்ட்ரைட் வெட்டி எடுக்கும் சுரங்கம் கிடையாது. சுற்றுலாப் பயணிகளுக்கு அந்தப் பெயரில் விற்றது பெரும்பாலும் வனேடியம் சேர்த்துச் செய்த செயற்கைக் குருந்தம் (மாணிக்கம், நீலம் சேர்ந்த கல்லினம்). பகல் வெளிச்சத்தில் சாம்பல் கலந்த நீலம், பழைய மஞ்சள் குண்டு பல்பின் கீழ் ஊதா. அசல் கல் பச்சையிலிருந்து சிவப்புக்குப் போகும். கல்லைச் சாய்த்துச் சாய்த்து லென்ஸில் பாருங்கள். கிராமபோன் தட்டின் கோடுபோல வளைந்த வரிகள் தெரிந்தால் செயற்கை. இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடு நேராகத்தான் ஓடும். ஒளிவிலகல் மானி (கல் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று அளக்கும் கருவி) கிடைத்தால் செயற்கைக் குருந்தம் 1.76–1.77 காட்டும், அசல் அலெக்சாண்ட்ரைட் சுமார் 1.75. மோதிரத்துக்கு வெள்ளி விலையும் கொஞ்சம் கூலியும் கொடுங்கள், கல்லுக்கு ஒன்றும் வேண்டாம்.

உரைகல்:
பச்சை முகம் அநேகமாகச் சாயம் ஏற்றிய கால்சைட், மென்மையான சுண்ணாம்புக் கல். ‘மெக்சிகன் ஆனிக்ஸ்’ என்று விற்பதும் அதே இனம்தான். முகத்தின் மூக்கு நுனியை லென்ஸில் பாருங்கள். கால்சைட்டின் கடினம் பத்துக்கு 3தான் என்பதால், மேசையில் உரசி உரசி மூக்கும் நெற்றியும் மங்கி, கீறல் விழுந்து, பள்ளமான கண்குழி மட்டும் பளபளப்போடு இருக்கும். அசல் ஜேடில் ஒரு வகையான ஜேடைட்டின் கடினம் 6.5–7, ஐம்பது வருஷம் போட்டாலும் மூக்கு அப்படித் தேயாது. சாயம் விரிசல்களில் தேங்கி அடர்பச்சைக் கோடாக நிற்பதும் தெரியும்.

பின்பக்கம் திறந்திருந்தால் பஞ்சுக்குச்சியில் அசிட்டோன் தொட்டு ஓர் ஓரத்தில் தேயுங்கள். பச்சை ஒட்டினால் சாயம். ஒட்டாததால் மட்டும் சாயமில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். பிசின் வைத்த பதக்கத்தில் இதைச் செய்யாதீர்கள், இளகிவிடும். வினிகர் சோதனையும் வேண்டாம். கால்சைட்டைத் தின்று மங்கலான தழும்பை விட்டுவிடும், பிறகு உங்களாலும் விற்க முடியாது.

கழன்ற கல் ஒன்று கைக்கு வந்தால் எடை போடுவதே சுத்தமான வழி. காற்றில் 6.20 கிராம், நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டால் 3.91 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 2.29. 6.20-ஐ 2.29-ஆல் வகுத்தால் 2.71, கல் நீரைவிட அத்தனை மடங்கு கனம் என்று அர்த்தம்; அது கால்சைட். ஜேடைட் 3.3 பக்கம் வரும். கல்லில் ஒட்டிய குமிழியைத் தட்டிவிட மறந்தால் எண் குறைந்து காட்டும்.

வளையல்பெட்டி:
அப்படியானால் பிரேஸ்லெட்டுக்கு வெள்ளி விலை மட்டும்தானா? கழுகு முத்திரைக்கு மதிப்பு இல்லையா?

கொக்கி_சரிபார்:
கழுகு காலத்தைச் சொல்லும், கைவேலையைச் சொல்லாது. 1940-களின் பின்பகுதியிலிருந்து 1970-களின் இறுதிவரை அடித்த அரசு முத்திரை அது. உள்ளே 3 என்றால் பெரும்பாலும் டாஸ்கோ, வெள்ளி வேலைக்குப் பேர்போன மெக்சிகோ ஊர். பட்டறை அடையாளம் தனியாக இருக்க வேண்டும். அதற்குப் பின் வந்த முத்திரையில் ஊரின் முதலெழுத்து, செய்தவர் பெயரின் முதலெழுத்து, பிறகு எண் என்று வரும்.

முதலில் தரைவிலையைப் போடுங்கள். ஆறு கல்லும் சேர்ந்து சுமார் 11 கிராம் என்றால் மீதி 51. இதுவும் டச் (வெள்ளியின் சுத்தம்) 925 என்று வைத்துக்கொண்டால் சுத்த வெள்ளி 47 கிராம், ஏறக்குறைய 1.5 டிராய் அவுன்ஸ் (வெள்ளிக்கு விலை பேசும் அளவு). அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் வேலைக்கும் பெயருக்கும்தான். ஸ்ப்ராட்லிங், அன்டோனியோ பினேடா, ஹெக்டர் அகிலார், மார்கோ போன்ற பெயர்பெற்ற டாஸ்கோ நகை வடிவமைப்பாளர்களின் முத்திரை இருந்தால் எடைக்கணக்கே வேறு. ஆனால் 1931-இல் பட்டறை தொடங்கிய ஸ்ப்ராட்லிங் 1967-இல் இறந்த பிறகும் அவர் வடிவங்களைச் செய்வது நிற்கவில்லை, போலியும் நிறைய. அசல் நகையிலிருந்து அச்செடுத்து வார்த்த போலியில் முத்திரையின் விளிம்பு மழுங்கி, குழிக்குள் பொடிப்பொடியாகத் துளை தெரியும். தட்டி அடித்த முத்திரையில் விளிம்பு கூர்மையாக இருக்கும்.

கடைசியாகக் கொக்கியையும் கீல்களையும் பாருங்கள். பளிச்சென்ற வெள்ளிக்கு நடுவே சாம்பல் நிறத்தில் மெத்தென்ற திட்டு இருந்தால் ஈயம் வைத்துப் பற்றிய ரிப்பேர். அதைச் சுரண்டி எடுக்காமல் வெள்ளிப்பொடி வைத்துத் தீயை ஊதிப் பற்றவைத்தால் ஈயம் வெள்ளியையே அரித்துவிடும். இதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லலாம். வாங்கினால் வெள்ளி கழுவும் திரவத்தில் முக்காதீர்கள். பள்ளங்களில் வேண்டுமென்றே விட்ட கருப்பு போய்விடும், கால்சைட்டின் பளபளப்பும் போய்விடும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.