‘குடத்து வீடு’ குழு: மடிக்க இடம் விட்டியா?

சனிக்கிழமை

நான்: (படம்)

நான்: நேத்து ராத்திரி 11 வரைக்கும் கையில வச்சிருந்த வேலை இது. மார்த்தகடு, கவசத்துல நெஞ்ச மூடற இரும்புத் தகடு. எங்க கவசச் சண்டை அணியில ஒரு நர்ஸ் அக்கா இருக்காங்க, அவங்களுக்கு. ரெடிமேடா வாங்கிட்டாங்க, உடம்புக்குச் சேரல. சரி பண்ணித் தர்றேன்னு வாங்கிட்டு வந்திருக்கேன்

அம்மா: சாப்டியாடா

அம்மா: இத மாட்டிக்கிட்டா அடிச்சுக்கறீங்க? பாத்தா 40 கிலோ இருக்கும் போல

நான்: சாப்டேம்மா. இது ஒண்ணு மட்டும் 4 கிலோ கூட வராது. தலையிலேருந்து கால் வரைக்கும் போட்டா 20லேருந்து 25. 15ஆம் நூற்றாண்டுல சண்டைக்குப் போனவங்க போட்டதும் ஏறக்குறைய அதே எடைதான். 40 கிலோன்னு கேள்விப்படறது குதிரையில ஈட்டிப் போட்டிக்குன்னே தனியாச் செஞ்சது

அத்தான்: 25 கிலோ சிமெண்ட் மூட்டைல பாதி. அத மாட்டிக்கிட்டு எப்படிப்பா ஓடறது

நான்: மூட்டை ஒரே தோள்ல உக்காரும் அத்தான். இது அப்படி இல்ல. உள்ள பஞ்சு வச்சுத் தைச்ச சட்டை ஒண்ணு இறுக்கமா இருக்கும். கால் கவசம் அந்தச் சட்டையோட இடுப்புலேருந்து நாடாவுல தொங்கும், கைக் கவசம் அதே சட்டையோட தோள்ல தொங்கும். எடை உடம்பு முழுக்கப் பிரிஞ்சிடும். அளவு சரியா இருந்தா ஓடலாம், விழுந்தா தானா எழுந்திருக்கலாம். அளவு தப்பினா 15 கிலோவே மூச்ச வாங்கிடும்

அத்தை: என்ன விளையாட்டுப்பா இது? கத்திச் சண்டையா?

நான்: பூஹர்ட்னு பேரு அத்தை. 5 பேருக்கு 5 பேர். கத்தி, கோடாலி எல்லாம் நிஜ இரும்புதான், ஆனா முனை மழுங்கினது. குத்தக் கூடாது, அடிக்கலாம், மல்யுத்தம் மாதிரி தள்ளலாம். பாதம் தவிர வேற ஏதாவது தரையில பட்டா அவர் அவுட். 2010ல உக்ரைன்ல ஹோட்டின் கோட்டையில பல நாட்டு அணிகள் சேர்ந்து பெரிய போட்டி நடத்தினாங்க, அதுக்கப்புறம் நிறைய ஊருக்குப் பரவிடுச்சு

அத்தை: பழைய தமிழ்ல கவசத்துக்கு மெய்ம்மறைன்னு பேரு. வீரர்களுக்கு முன்னாடி நிக்கிற அரசனையே மெய்ம்மறைன்னு பாடியிருக்காங்க. பிள்ளைகளுக்கு அத நடத்தும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்

நான்: மெய்ம்மறை. இனிமே அந்தச் சொல்லத்தான் சொல்லப் போறேன் அத்தை

அக்கா: நடுவுல ஒண்ணு. வெள்ளிக்கிழமை பாட்டி திதி. யார் யார் வர்றீங்கன்னு இன்னிக்கே சொல்லுங்க, சமையலுக்குச் சொல்லணும்

அத்தை: நான் வியாழன் ராத்திரியே வந்துடுவேன்

அக்கா: டேய், அந்தத் தகட்டுல என்ன சேரல?

நான்: நீளம். ரெடிமேடு எல்லாம் ஆறடி ஆளுக்கு ஒரே அளவுல வருது. அந்த அக்கா 5 அடி 2. நம்ம இடுப்புன்னு நினைக்கிறது பேண்ட் நிக்கிற இடம். கவசத்துக்கு இடுப்பு அது இல்ல. தொப்புளுக்குக் கொஞ்சம் மேல, உடம்பு மடியற இடம், அங்க முடியணும் மார்த்தகடு. அதுக்குக் கீழ இறங்கினா உக்காரும்போது தகடு மேல ஏறி தொண்டையில இடிக்கும். அவங்களுக்கு 4 செ.மீ. அதிகமா இருக்கு. கை அக்குளும் அப்படித்தான், ரெண்டு கையையும் முன்னாடி குறுக்க கொண்டுவர முடியல. கோடாலிய ரெண்டு கையாலப் பிடிக்கணும்ல

அக்கா: பொம்பளைங்களுக்குன்னு தனியா வடிவம் வேணாமா

நான்: நல்ல கேள்விக்கா. படத்துல எல்லாம் மார்புக்கு ரெண்டு மேடு வச்சுக் காட்றாங்க. அது ஆபத்து. நடுவுல பள்ளம் வரும், அடி வழுக்கிப் போகாம நேரா நெஞ்செலும்புக்குப் போகும். பழைய மார்த்தகடே முன்னாடி உருண்டு வெளிய வந்து இடுப்புல ஒடுங்கும். தகட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவுல காத்து இருக்கும். அந்த உருண்டையே போதும், அடி சறுக்கிப் போயிடும்

பெரியப்பா: (குரல் பதிவு 1:52)

அக்கா: அம்மா பஸ்ல இருக்காங்க, கேக்க முடியாது. நான் எழுதிடறேன். பெரியப்பா சொல்றது: “உருண்டை வயிறு நல்லா இருக்கு, குடத்து வயிறு மாதிரி. ஆனா கீழ வெட்டப் போறேன்றியே, ஓரத்த என்ன பண்ணப் போற? அப்படியே விட்டா அது கத்தி. குடத்து வாயில கம்பி வச்சு மடிக்கிறமே, அந்த மாதிரி மடிக்கப் போறியா? மடிக்கிறதா இருந்தா மடிக்க இடம் விட்டியா? 4 செ.மீ. அதிகம்னா 4 செ.மீ. வெட்டக் கூடாது தம்பி.”

நான்: பெரியப்பா!! கோடு போட்டு வச்சிருக்கேன், இன்னும் வெட்டல. 4 செ.மீ.லதான் போட்டிருந்தேன்

நான்: பழைய கவசத்துலயும் கழுத்து, அக்குள் ஓரத்தையெல்லாம் வெளிப்பக்கமா சுருட்டியிருப்பாங்க. முனை சறுக்கிக்கிட்டு மேல வந்தா தொண்டைக்குப் போகாம அந்தச் சுருட்டுல நிக்கும். சில தகட்டுல உள்ள கம்பி இருக்கு. இங்க இங்கிலாந்துல, லீட்ஸ்ல ராயல் ஆர்மரிஸ் அருங்காட்சியகம் இருக்குல்ல, அங்க கண்ணாடிக்குப் பக்கத்துல நின்னு பாத்தா சுத்தியல் தடம் தெரியும்

பெரியப்பா: (குரல் பதிவு 0:48)

அக்கா: “கம்பி கனத்துக்கு ரெண்டரை பங்கு ஓரம் விடணும். 4 மில்லி கம்பின்னா 10 மில்லி. உன் தகடு என்ன கனம்?”

நான்: ஒன்றரை மில்லி, சாதா இரும்பு

பெரியப்பா: (குரல் பதிவு 0:09)

அக்கா: “அப்ப 12 விடு. பித்தளைய விட தடி.”

ஞாயிற்றுக்கிழமை

நான்: (படம்)

நான்: பெரியப்பா, வெட்றதுக்கு முன்னாடி ஒரு துண்டுத் தகட்டுல மடிச்சுப் பாத்தேன். அக்குள் மாதிரி உள்வளைவு வெட்டி வெளிய மடிச்சேன். மூணு இடத்துல விரிஞ்சுடுச்சு

பெரியப்பா: (குரல் பதிவு 2:31)

அக்கா: பெரிசா இருக்கு, பொறுமை. “உள்வளைவ வெளிய மடிச்சா ஓரம் இழுபடும். நேர்க்கோட்ட மடிக்கிறது வேற, இது வேற. மூணு தப்பு தெரியுது. ஒண்ணு, கத்திரி வெட்டின ஓரத்துக்கு அரம் போடல. படத்துல பல்லு பல்லா தெரியுது. விரிசல் எப்பவும் அந்தப் பல்லுலதான் பொறக்கும். ரெண்டு, ஒரே இடத்துல நின்னு மடிச்சிருக்க. சுத்தி வரணும். ஒரு சுத்துக்குக் கொஞ்சம், அடுத்த சுத்துக்குக் கொஞ்சம். மூணு, சூடு காட்டல. தட்டத் தட்ட உலோகம் முறுகிக்கும், கையிலயே தெரியும், சுத்தியல் துள்ளும், சத்தம் மாறும். அப்ப உலையில போட்டு செவக்க விட்டு எடுத்தா மறுபடி எளகிடும். எங்க அப்பா ஒரு குடத்துக்கு ஏழு தடவ சூடு காட்டுவாரு.” அப்புறம் கொஞ்சம் நேரம் பேசாம இருக்கார். “கடைசிக் குடம் நான் தட்டி இருபது வருஷம் இருக்கும்.”

அம்மா: அந்தச் சத்தத்துலதான் நாங்கள்லாம் தூங்குவோம். நின்னா முழிச்சுக்குவோம்

அத்தான்: தம்பி ஒரு நிமிஷம். படத்துல அந்தத் துண்டு வெள்ளையா பூப்பூவா மின்னுதே. அது ஜிஐ தகடா?

நான்: ஆமா அத்தான், பட்டறை மூலையில கிடந்தது

அத்தான்: அதுக்கு சூடு காட்டவே காட்டாத. மேல துத்தநாகப் பூச்சு. சூடு பட்டா வெள்ளையா புகை வரும், சுவாசிச்சா ராத்திரி காய்ச்சல், நடுக்கம். ஏசி டக்ட் வேலையில வெல்டிங் வச்ச பையன் ஒருத்தன் ரெண்டு நாள் எந்திரிக்கல. நான் கண்ணால பாத்தது

அம்மா: ஐயோ

நான்: பெரியப்பா சொன்னதும் அதையேதான் எடுத்து கேஸ் டார்ச்சால சூடு காட்டப் போனேன் அத்தான். தூக்கி வெளிய போட்டுட்டேன். பூச்சு இல்லாத கறுப்புத் தகடு தனியா வாங்கறேன். ரொம்ப நன்றி

பெரியப்பா: (குரல் பதிவு 0:35)

அக்கா: “செவந்ததும் தண்ணியில போடு, அழுக்கு உரிஞ்சு விழும்.”

நான்: பெரியப்பா, பித்தளைக்கு அது சரி. இரும்புல கொஞ்சம் யோசிக்கணும். இந்த மார்த்தகடு சாதா இரும்பு, ஆனாலும் தண்ணியில போடாம காத்துல தானா ஆற விடப் போறேன். கரி அதிகமா இருக்கிற இரும்பு, ஸ்ப்ரிங் ஸ்டீல்னு சொல்றது, அத செவக்க வச்சுத் தண்ணியில போட்டா கண்ணாடி மாதிரி ஆயிடும், சில சமயம் போட்ட உடனே வெடிக்கும். அதுக்கு எண்ணெய்தான். அப்புறமும் திரும்பக் குறைஞ்ச சூட்டுல வாட்டினாத்தான் வளையும்

நான்: அந்த அக்காவோட முழங்கை மூடி ஸ்ப்ரிங் ஸ்டீல்ல முறுக்கேத்தி வந்தது. அதுல நான் கை வைக்கவே இல்ல. சூடு பட்டா ஏத்தின முறுக்கு எறங்கிடும், மேல பாத்தா ஒண்ணும் தெரியாது, அடி விழும்போதுதான் தெரியும். வார், ஓட்டை, ரிவிட் மட்டும் மாத்தறேன்

பெரியப்பா: சரி

அக்கா: பெரியப்பா தானே டைப் பண்ணிட்டார்!

செவ்வாய்க்கிழமை

அம்மா: தலைக்கு என்ன போடறீங்க. அதச் சொல்லு எனக்கு

நான்: தலைதான்மா முக்கியம். 2 மில்லி தகடு, முகத்துக்கும் மூடி. ஆனா இரும்பு மட்டும் காப்பாத்தாது. தலைக்கும் இரும்புக்கும் நடுவுல இடம் வேணும், இல்லாட்டி அடி அப்படியே மண்டைக்கு இறங்கும். சுத்தி 2 செ.மீ. பஞ்சு வைக்கிறோம். தாடை வார் இறுக்கமா இருக்கணும், கவசத்த ஆட்டினா தலையும் கூட ஆடணும்

பெரியப்பா: (குரல் பதிவு 0:22)

அக்கா: “தலை சுத்தளவு என்ன? 58ஆ? ரெண்டு பக்கமும் 2, விட்டத்துல 4 கூடுது. சுத்துல பன்னிரண்டரை கூடும். எழுபது எழுபத்தொண்ணுக்கு வாய் வச்சாத்தான் பஞ்சு அமுங்காம நிக்கும். தலை அளவுக்கே வாங்கினா ஏமாந்துடுவ.”

நான்: சரியா அதேதான் பெரியப்பா. புதுசா வர்றவங்க பாதிப் பேர் தலை அளவுக்கு வாங்கிட்டு பஞ்ச எடுத்துடறாங்க. நாங்க அவங்கள களத்துல இறக்கறதே இல்ல

நான்: இங்கேருந்து கார்ல அரை மணி போனா டவ்டன்னு ஒரு கிராமம். 1461 மார்ச் 29, பனி கொட்டக் கொட்ட இங்கிலீஷ்காரங்களே ரெண்டு கட்சியா அடிச்சுக்கிட்ட இடம். 1996ல கட்டட வேலைக்குத் தோண்டினப்ப ஒரே குழியில முப்பது பேருக்கு மேல எலும்பு. பெரும்பாலும் தலையிலதான் வெட்டு, ஒருத்தருக்கே பல வெட்டு. தலைக்கவசம் இல்லாம மாட்டியிருக்கணும்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. நான் அங்க போய் நின்னேன். அதுக்கப்புறம் யார் தாடை வார் தளர்வா இருந்தாலும் எனக்குப் பொறுக்கறதில்ல

அம்மா: உன் வார மொதல்ல பாரு

நான்: பாக்கறேம்மா

அத்தை: உள்ள போடற பஞ்சுச் சட்டை கடையில கிடைக்குதா?

நான்: கிடைக்குது, ஆனா நல்லதுக்கு விலை ஜாஸ்தி. அந்த நர்ஸ் அக்காவுக்கு நாங்களே தைக்கலாம்னு இருக்கோம். அந்தச் சட்டைக்கு இங்கிலீஷ்ல ஒரு பழைய பேரு ஆக்டன். அரபில பருத்திக்குச் சொல்ற ‘அல் குத்ன்’லேருந்து வந்த சொல் அத்தை

அம்மா: இலவம்பஞ்சு வச்சுடாத. அமுங்கி ஒரு ஓரமா போயிடும். பருத்திப் பஞ்சு வச்சு நெருக்கமா தையல் ஓட்டு, மெத்தைக்கு ஓட்ற மாதிரி

நான்: பஞ்சே இல்லாமலும் தைச்சிருக்காங்கம்மா. பிரான்ஸ்ல பதினோராம் லூயி ராஜா காலத்துச் சட்டம் ஒண்ணு இருக்கு. வீரனோட சட்டைக்கு 25லேருந்து 30 மடிப்புத் துணி, மேல மான் தோல். அதுலயே எழுதியிருக்கு, புதுத் துணிய விட உடுத்திப் பழகி மெத்துனு ஆன துணிதான் இதுக்கு நல்லதுன்னு

அம்மா: அப்பா வேட்டி பரண்ல பதினாலு இருக்கு

அம்மா: எல்லாம் நூல் வேட்டி. துவைச்சுத் துவைச்சு அப்படி இருக்கும். யாருக்கும் குடுக்க மனசு வரல

நான்: அம்மா

அம்மா: அந்தப் பொண்ணு அளவு அனுப்பு. தோள், மார், இடுப்பு. நீ சொன்ன இடுப்பு, பேண்ட் இடுப்பு இல்ல

அத்தை: திதிக்கு வரும்போது நானும் உக்காந்து ஓட்றேன். மெஷின்ல இத்தன மடிப்பு போகாது, கையாலதான்

வியாழக்கிழமை

நான்: அம்மா, அளவு தனியா அனுப்பியிருக்கேன். அக்குளுக்கு ரெண்டு விரல் இடம் கூட விடுங்க

நான்: அத்தைக்கு ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அந்த அருங்காட்சியகத்துல யானைக்கவசம் ஒண்ணு இருக்கு. முகலாயர் காலத்து வேலை. இப்ப மிஞ்சியிருக்கிறதே 118 கிலோ. நம்ம மதராஸ்ல எட்வர்ட் கிளைவ் கவர்னரா இருந்தப்ப அவர் மனைவி 1801ல இங்க கொண்டுவந்தது. சின்னச் சின்னத் தகடு ஆயிரக்கணக்குல, ஒவ்வொண்ணையும் வளையத்தால கோத்திருக்காங்க. அதுக்கு முன்னாடி நான் ஒரு மணி நேரம் நின்னேன்

அத்தை: ஒவ்வொரு வளையத்தையும் யாரோ ஒருத்தன் கையால கோத்திருக்கான்

நான்: இப்பவும் அப்படித்தான் அத்தை. எங்க ஆளுங்க போடற சங்கிலிச் சட்டையில நிறைய இந்தியாவுலேருந்துதான் வருது. வளையத்துக்கு வளையம் குட்டி ரிவிட் அடிச்சது. விலை குறைவுன்னு இங்க சுலபமா சொல்லிடறாங்க, எனக்குக் கோபம் வரும். ஒரு சட்டையில இருபதாயிரம் முப்பதாயிரம் வளையம் இருக்கும்

சனிக்கிழமை

நான்: (படம்)

நான்: (படம்)

நான்: முடிஞ்சது. கீழ 2.8 செ.மீ. வெட்டினேன், 12 மில்லி மடிப்புக்கு விட்டேன். அரம் போட்டேன். அக்குளுக்கு நாலு தடவ சூடு காட்டினேன், அஞ்சு சுத்து வந்தேன். ஒரு விரிசல் இல்ல. அந்த அக்கா மாட்டிக்கிட்டு தரையில உக்காந்து எழுந்தாங்க, தொண்டையில இடிக்கல. ரெண்டு கையையும் குறுக்க கொண்டுவந்து காட்டினாங்க. அழுதுட்டாங்க

அக்கா: டேய் அழகா இருக்குடா

அத்தான்: சபாஷ் தம்பி

அம்மா: சட்டை இன்னும் பத்து நாள் ஆகும். பதினெட்டு மடிப்பு வந்திருக்கு. மீதிக்கு உன் மாமா லுங்கி

பெரியப்பா: (குரல் பதிவு 0:31)

அக்கா: “ரெண்டாவது படத்துல இடது அக்குள் கீழ வெளிச்சம் ஒடைஞ்சு விழுது. அங்க மடிப்பு கம்பிய முழுசா கவ்வல. நகத்த வச்சுப் பாரு, மாட்டும். கொட்டாப்புளியால தட்டு, இரும்புச் சுத்தியல் வேணாம், தடம் விழும். இன்னும் ஒரு சுத்து.”

நான்: வச்சுப் பாத்தேன் பெரியப்பா. மாட்டுது. இப்பவே தட்டறேன்