பாளை தெருக் குழு: "அது குட்டிப் பிள்ளைக்குள்ளது"

[சனி, இரவு 8:06] கீழவீட்டு மைனி: ஒரு விவரம் வேணும். மூத்தவளுக்கு 8 வயசு, 3ம் வகுப்பு. வழக்கமா பாக்குற கார்ட்டூன போட்டா "அது குட்டிப் பிள்ளைக்குள்ளது"ங்கா. சின்னவனுக்கு மூன்றரை. வீட்ல ஒரே டிவி. இனி அவளுக்கு என்ன போட, ரெண்டு பேருக்கும் எப்படிப் பிரிச்சு வைக்க?

[8:10] டீச்சர்க்கா: அவ சொல்லுதது சரிதான் மைனி. 3, 4 வயசுக்கு எடுக்கிற படத்தோட கட்டுமானமே வேற. பொம்மை ஒரு கேள்வி கேட்டுட்டு சும்மா நிக்கும், பிள்ளை பதில் சொல்லட்டும்னு. ஒரே சொல்லு, ஒரே பாட்டு திரும்பத் திரும்ப வரும். ஒரு கதைக்கு ஒரே சிக்கல். 1996ல அமெரிக்காவுல வந்த புளூஸ் க்ளூஸ்னு ஒரு நிகழ்ச்சிய திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் ஒரே கதையவே போட்டாவ. சின்னப் பிள்ளைய சலிக்காம பாத்துச்சு, நாளாக நாளாக பதிலையும் சத்தமா சொல்லிச்சு. அந்த வயசுக்கு அதுதான் சாப்பாடு. 8 வயசுக்கு அதே நிறுத்தம் இழுவையா இருக்கும், பதில் முன்னாடியே தெரியும்லா.

[8:11] கீழவீட்டு மைனி: நெசமாவே தாண்டிட்டாளா, இல்ல கிளாஸ்ல யாராவது கேலி பண்ணினதுனால சொல்லுதாளான்னு எப்படிக் கண்டுபிடிக்க?

[8:15] டீச்சர்க்கா: நல்ல கேள்வி. சின்னவனுக்குப் போட்டிருக்கும்போது அவ கண்ணு எங்க இருக்குன்னு பாருங்க. நோட்டுல எழுதுத மாதிரி இருந்துக்கிட்டு ஓரக்கண்ணால பாத்தான்னா, பிடிச்சுதான் இருக்கு, வெளிய சொல்ல வெக்கம். அப்ப விட்டுருங்க, பாக்கட்டும். நெசமாத் தாண்டினவ எந்திரிச்சுப் போயிருவா. இல்லாட்டி நொணுக்கி நொணுக்கிக் கேள்வி கேப்பா. "இவன் ஏன் அப்படிச் செஞ்சான்?", "கூரை மேலருந்து விழுந்தா அடிபடாதா?", "போன கதைல வேற மாதிரி சொன்னான்லா?" இந்த மூணாவது கேள்வி வந்துட்டுன்னா, தொடர்கதை பாக்குற வயசு வந்தாச்சுன்னு எடுத்துக்கிடலாம்.

[8:16] டீச்சர்க்கா: காய்ச்சல்ல படுத்தா பழைய கார்ட்டூனத்தான் கேப்பா. அன்னைக்கு "இன்னுமா இது?"ன்னு ஒரு வார்த்தை சொல்லாதீங்க. சொல்லிட்டா பெறவு பிடிச்சதையெல்லாம் ஒளிச்சுத்தான் பாப்பா.

[8:18] கேபிள் அண்ணாச்சி: மைனி, யூடியூப் கிட்ஸ்தான ஓடுது? மூத்தவளுக்கு 3, 4 வயசுல போட்ட புரொஃபைல் அப்படியே கெடக்கும். நெறைய வீட்ல இதான் கோளாறு. வயசு கூடக்கூட நாமதான் கைய வச்சு மாத்தணும். அதுல மூணு படி: ப்ரீஸ்கூல் 4 வயசு வரை, யங்கர் 5ல இருந்து 8, ஓல்டர் 9ல இருந்து 12. நாலாவதா ஒண்ணு, நீங்க தேர்ந்தெடுத்தது மட்டும் வரும். 8 வயசுப் பிள்ளைக்கு ப்ரீஸ்கூல்ல தேடினா பாட்டும் கலரும்தான் வந்து நிக்கும். அவ "போர்"ங்கிறது அந்தக் கதைகள மட்டும் இல்ல, அந்தப் பெட்டியவே.

[8:21] கேபிள் அண்ணாச்சி: போன்ல மாத்துத வழி: கிட்ஸ் ஆப்புல மூலையில பூட்டுப் படம். தொட்டா ஒரு பெருக்கல் கணக்கு கேக்கும், இல்லன்னா நீங்க போட்ட நாலு நம்பர். உள்ள செட்டிங்ஸ், பிள்ளை பேரு, உங்க ஜிமெயில் பாஸ்வேர்டு, அதுக்குள்ள கன்டென்ட் செட்டிங்ஸ். மூத்தவளுக்கு யங்கர் வைங்க. 9 முடிஞ்ச பெறவு ஓல்டர் போதும், அதுல சினிமாப் பாட்டு, கேம் வீடியோ எல்லாம் நொழையும். சின்னவனுக்குத் தனிப் புரொஃபைல், "தேர்ந்தெடுத்தது மட்டும்". அதுல தேடுத வசதியே இருக்காது.

[8:22] கேபிள் அண்ணாச்சி: முக்கியமான ஒண்ணு. 3ம் வகுப்புல வாய்ப்பாடு வந்துரும். பெருக்கல் கணக்கு பூட்டு இனி பூட்டே இல்ல. இன்னைக்கே நாலு நம்பர் போடுங்க. பொறந்த வருசம் வேண்டாம், அது அவளுக்குத் தெரியும்.

[8:23] கீழவீட்டு மைனி: 7 எட்டு 56ன்னு தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவா. இப்பவே மாத்துதேன் அண்ணாச்சி.

[8:25] மாடிவீட்டு மாமா: இவ்வளவு எதுக்கு? பெரிய யூடியூப்லயே விட்டுட்டா அவளாத் தேடிக்கிடுவாள்லா?

[8:29] எடிட்டிங் தம்பி: அங்கதான் மாமா பிள்ளைய வழுக்குது. குட்டிப் படம் போரடிச்சதும் அடுத்த படி எதுன்னு யாரும் காட்டல, கையில அப்பா போன். பெரிய யூடியூப்ல அப்பா பாத்ததும் பிள்ளை பாத்ததும் ஒரே கணக்குல சேந்துரும். கார்ட்டூன் முகம் போட்ட சின்னச் சின்ன வெட்டு வீடியோ வரும், அதே பொம்மை, ஆனா குரலும் பேச்சும் வேற யாரோ சேத்தது. பிள்ளை தெரிஞ்ச முகம்னு தொடும். 15 நொடி, 20 நொடின்னு தள்ளிப் பழகிட்டா 11 நிமிசக் கதைல உக்கார முடியாது. 4 வயசுப் படத்துல இருந்து 14 வயசுப் படத்துக்கு ஒரே தாவல். நடுவுல உள்ள 7, 8, 9 வயசுக்கான படம் அம்புட்டும் அப்படியே விட்டுப்போவுது.

[8:31] கேபிள் அண்ணாச்சி: பெரிய யூடியூபே வேணும்னா 9 வயசுக்கு மேல பெத்தவங்க கணக்குக்குக் கீழ மேற்பார்வைக் கணக்கு போடலாம் மாமா. எக்ஸ்ப்ளோர்னு ஒரு நிலை 9க்கு மேல, அதுக்கு அடுத்தது 13க்கு மேல. பெரியவங்களுக்கான வீடியோவ மறைக்கிற ரெஸ்ட்ரிக்டட் மோட் போட்டா போதும்னு சிலர் நெனைக்காவ. அது போட்ட போனுக்கு மட்டுந்தான். அப்பா போன்ல போட்டா அம்மா போன்ல இருக்காது.

[8:33] மாடிவீட்டு மாமா: சரி. அப்ப படத்துல யு/ஏ 7+னு வயசுக் குறி வருதே, அதப் பாத்துப் போட்டா?

[8:36] டீச்சர்க்கா: 2021 ஐடி விதிகள்ல நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஓடிடிக்கு யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏன்னு அஞ்சு வகை வந்துச்சு மாமா. அது எதத் தவிர்க்கணும்னு சொல்லும், எது புரியும்னு சொல்லாது. யுன்னு போட்ட குடும்பப் படத்துல சண்டையும் கத்தியும் பெரிசா இருக்காது, ஆனா சொத்துத் தகராற 8 வயசுப் பிள்ளை எப்படி ரசிக்கும்? குறிய வச்சு வடிகட்டுங்க, எதப் போடணும்னு முதல் கதைய கூட இருந்து பாத்து முடிவு பண்ணுங்க. 10 நிமிசம் போதும்.

[8:37] லைப்ரரி அத்தை: நாளைக்கு தண்ணி 5:30க்கு வருதாம். வாளிய எடுத்து வச்சிக்கிடுங்க எல்லாரும்.

[8:38] மாடிவீட்டு மாமா: நன்றி அத்தை.

[8:42] டீச்சர்க்கா: மைனி, "என்ன போட"ன்னு கேட்டதுக்கு வாறேன். மூணு படியா ஏத்துங்க. முதல் படி, 11 நிமிசத் தனிக்கதை, ஆனா சொல்லுக்குள்ள நகைச்சுவை இருக்கணும், தடுக்கி விழுறது மட்டும் போதாது. சோட்டா பீம் 2008ல இருந்து வருது, 5, 6 வயசுக்கு நல்லா ஓடும். லட்டு தின்னா பலம் வந்துரும், ஜெயிச்சிருவான்னு உறுதியாத் தெரிஞ்ச பெறவு 8 வயசுக்கு அதுல இழுப்பு கொறைஞ்சிரும். ரெண்டாவது படி, தொடர்கதை, 20 நிமிசத்துக்குப் பக்கத்துல. கெட்டவனுக்கும் ஒரு காரணம் இருக்கிற கதை. இத முதல் பாகத்துல இருந்து வரிசையாத்தான் போடணும். சேனல்ல நடுவுல இருந்து பாத்தா "ஒண்ணும் புரியல"ன்னு விட்டுருவா, நாம அது பிடிக்கலன்னு தப்பா எடுத்துக்கிடுவோம். மூணாவது படி கார்ட்டூனே இல்ல. மிருகம், கடல், ஒரு சாமான் எப்படிச் செய்யுதாவங்கிறது. இந்த வயசுல "எப்படி"ங்கிற கேள்விக்குத்தான் பசி அதிகம்.

[8:44] கேபிள் அண்ணாச்சி: டிவி சேனல்ல பாத்தா ரிமோட்ல லாங்னோ ஆடியோன்னோ ஒரு பட்டன் இருக்கும். பிள்ளைய சேனல் நெறையத்துல தமிழ், தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ் எல்லாம் உண்டு. தமிழ்ல பாத்துப் பழகின கதைய இங்கிலீஷ்ல மாத்தி விடுங்க. கதை தெரியுங்கிறதால பேச்சு பிடிபடும், பழைய கார்ட்டூனுக்கும் கொஞ்ச நாள் உயிர் வரும். பெட்டியில சேனல் பூட்டும் உண்டு. பின் நம்பர் பெரும்பாலும் 0000, 1234ன்னு கம்பெனி போட்டபடியே கெடக்கும், மாத்திருங்க.

[8:46] கீழவீட்டு மைனி: அவளுக்குப் போட்டா சின்னவனும் பக்கத்துல வந்து உக்காருதான். அதுக்கு என்ன செய்ய?

[8:51] டீச்சர்க்கா: இதுல கவனம் வேணும். சின்னவன் பயப்படுறது உருவத்தப் பாத்து. பல்லு நீண்ட முகம், திடீர்ச் சத்தம், ஒரு ஆளு இன்னொண்ணா மாறுறது. அந்த உருவம் கதைல நல்லவனாவே இருக்கட்டும், அவனுக்கு அது கணக்கில்ல. மூத்தவ பயப்படுறது நெசமா நடக்கக் கூடியதப் பாத்து. திருடன், தீ, அம்மா காணாமப் போறது. தேத்துத வழியும் வேற. சின்னவன்கிட்ட "அது பொம்மைதாண்டா"ன்னு வெளக்கினா எடுபடாது. டிவிய அமத்திட்டு மடியில தூக்கி வைக்கணும், கையில ஒரு வாழப்பழம் கொடுக்கணும். மூத்தவகிட்ட வெளக்கம் எடுபடும். அதனால அவ படம் ஓடுற நேரம் சின்னவன் தூங்குற நேரமா இருக்கட்டும். இல்லாட்டி அவன் அடுப்படியில உங்ககூட.

[8:53] டீச்சர்க்கா: நேரக் கணக்கு: இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்லுதபடி 2 வயசுக்குள்ள வேண்டாம், 2ல இருந்து 5 வரை நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல வேண்டாம், 5ல இருந்து 10 வரை 2 மணி நேரத்துக்குள்ள. அவளோட ரெண்டு மணி நேரத்தையும் அவன் கூடவே இருந்து பாத்தா அவன் கணக்கு தாண்டிப் போவுது. பல வீட்ல இந்தக் கணக்கத்தான் விட்டுருதாவ.

[8:55] எடிட்டிங் தம்பி: நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஆப்புலயும் தனித்தனிப் புரொஃபைல் போடுங்க மைனி. சின்னவன் அவ புரொஃபைல்ல ஒரு நாள் பாத்தாப் போதும், மறுநாள் அவளுக்குக் குட்டிப் பாட்டா வரிசை கட்டும், "பாத்தியா, திரும்பவும் குட்டிப் பிள்ளைக்குள்ளது"ம்பா. கணக்குப் பக்கத்துல பாத்த பட்டியல் இருக்கும், அதுல இருந்து அத நீக்கிருங்க. ஒரு நாளைக்குள்ள சரியாயிரும். அடுத்த பாகம் தானா ஓடுறதையும் புரொஃபைல்ல அமத்தி வைங்க. ஒரு கதை முடிஞ்சதும் திரை நின்னாத்தான் பிள்ளைக்கு எந்திரிக்கத் தோணும்.

[8:57] லைப்ரரி அத்தை: படிக்கவும் கொடு பிள்ள. ஸ்டோரிவீவர்னு பிரதம் புக்ஸ் தளம், 2015ல இருந்து இருக்கு, காசு கெடையாது, தமிழ்க் கதை நெறைய. நாலு நிலை பிரிச்சிருக்காவ. 3ம் வகுப்புக்கு ரெண்டாவதுல ஆரம்பி, திக்காம வாசிச்சா மூணுக்குப் போ. ஒண்ணாவது நிலைய அவ தம்பிக்கு வாசிச்சுக் காட்டட்டும். "குட்டிப் பிள்ளைக்குள்ளது"ன்னு சொன்னவளே அப்ப டீச்சர் ஆயிருவா, அந்தக் கதைய மனசாரத் தொடுவா. பள்ளிக்கூடத்துறை போடுற ஊஞ்சல் இதழ் 4, 5ம் வகுப்புக்கு உள்ளது, அடுத்த வருசம் கையில வரும்.

[8:58] எடிட்டிங் தம்பி: கார்ட்டூன் போரடிச்ச பிள்ளைக்குக் கார்ட்டூன் எப்படிச் செய்யுதாவன்னு காட்டுறத விட நல்ல மருந்து கெடையாது. ரெண்டு வழி எழுதுதேன்.

[9:05] எடிட்டிங் தம்பி: ஒண்ணு, பொரட்டுப் புத்தகம். தாள வேகமாப் பொரட்டினா படம் அசையுத மாதிரி தெரியும். ஏ4 தாள் 5. ஒவ்வொண்ணையும் மூணு மடிப்பு மடிச்சு வெட்டினா 8 துண்டு, மொத்தம் 40. சாதாரணத் தாள் தொய்யும், கொஞ்சம் கனமான தாளா வாங்குங்க. 40ஐயும் தட்டி ஓரத்த நேராக்கி ஒரு பக்கம் ரப்பர் பேண்ட இறுக்கிச் சுத்துங்க. படம் கடைசித் தாள்ல இருந்து முன்னாடி வரணும், அப்பத்தான் கீழ உள்ள கோடு மங்கலாத் தெரியும், அதப் பாத்து அடுத்தத ஒரு துளி நகத்தி வரையலாம். ரப்பர் பேண்ட் பக்கமா வரைஞ்சா பொரட்டும்போது தெரியாது, வெளி ஓரத்துல வரையணும். முதல் தடவை ஒரு வட்டம் போதும், பந்து குதிக்கட்டும். கீழ வரும்போது படத்துக்குப் படம் இடைவெளி பெரிசு, உச்சியில ரொம்பச் சின்னது. எல்லாம் ஒரே இடைவெளில வரைஞ்சா பந்து குதிக்காது, மிதக்கும். சினிமாவுக்கு நொடிக்கு 24 படம். கையால வரைஞ்ச கார்ட்டூன்ல ஒரு படத்த ரெண்டு தடவை காட்டி 12ல ஒப்பேத்துவாவ. 40 தாள்னா மூணு நொடிக்குக் கொஞ்சம் மேல.

[9:13] எடிட்டிங் தம்பி: ரெண்டு, போன்ல. புளியங்கொட்டை 12, வெள்ளைத் துண்டு ஒண்ணு. போன ரெண்டு கனத்த பொஸ்தகத்துக்கு நடுவுல சொருகி நிப்பாட்டுங்க, கையில பிடிக்கவே கூடாது. ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோன்னு ஆப் இருக்கு, நொடிக்கு 10 படம்னு வைங்க. துண்டு அகலம் 40 செ.மீ., கொட்டை அத 4 நொடில கடக்கணும்னா 40 படம், ஒவ்வொரு படம் எடுத்ததும் கொட்டைய 1 செ.மீ. நகத்தணும். இந்தக் கணக்க அவளே போடட்டும். 60 படத்துக்கு மேல போனா இந்த வயசுல சலிச்சிரும், 6 நொடிக்குள்ள முடிச்சிருங்க.
கெடுற எடம் மூணு. சன்னல் வெளிச்சம்: வெயில் மாற மாறப் படம் மினுக்கு மினுக்குன்னு அடிக்கும். சன்னலச் சாத்திட்டு டியூப் லைட்ல எடுங்க. திரையத் தொட்டா போன் ஆடும்: ஒயர் இயர்போன் மாட்டி, அதுல வால்யூம் பட்டன அமுக்கினா நெறைய போன்ல படம் எடுக்கும். மூணாவது ஃபேன்: காத்துல துண்டு அசையும். நெல்லை வெயில்ல ஃபேன் இல்லாம 10 நிமிசம் கஷ்டந்தான், காலைல 7 மணிக்கு எடுங்க.

[9:14] மாடிவீட்டு மாமா: எங்க வீட்டுப் பயலுக்கும் இத காட்டணும். தம்பி இத அப்படியே சேமிச்சு வச்சிருக்கேன்.

[9:16] லைப்ரரி அத்தை: அப்படியே கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்கும் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. 1987ல இருந்து அங்கனதான இருக்கு. பட்டனத் தொட்டுத் தானே செஞ்சு பாக்குற சாமான்தான் 8 வயசுக்கு ஏத்தது.

[9:18] கீழவீட்டு மைனி: நம்பர் மாத்தியாச்சு. மூத்தவ யங்கர், சின்னவனுக்குத் தனி. புளியங்கொட்டை டப்பாவுல நெறைய கெடக்கு, நாளைக்குக் காலைல உக்கார வைக்கேன்.

[9:20] டீச்சர்க்கா: சின்னவன் முழிக்கும் முன்ன மைனி. மூன்றரை வயசுல கொட்டைய மூக்குலயும் வாயிலயும் போட்டுரும். எண்ணி 12 எடுத்துக் கொடுங்க, முடிஞ்சதும் எண்ணி 12 டப்பாவுக்குள்ள போகணும். ஒண்ணு கொறைஞ்சாலும் துண்ட உதறி, பாய்க்கு அடியில பாத்துட்டுத்தான் அவன எறக்கி விடணும்.

[9:21] கீழவீட்டு மைனி: சரிக்கா. தண்ணி பிடிச்சு முடிச்சதும் ஆரம்பிக்கேன்.