நாட்டார் பாடல் நூலுக்கு எந்த எழுத்துரு? பாமினியிலேயே விடலாமா?

முறிகண்டியான்:
வன்னி நாட்டார் பாடல்கள், 176 பக்கம், டெமி அளவு, ஒவ்செற் அச்சு. அருவி வெட்டுப் (நெல் அறுவடை) பாடல்களில் அடிகள் நீளம். தட்டச்சு முழுக்கப் பாமினி, ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துரு. ஊரில் வயதானவர்கள் கையில் வைத்து வாசிக்க வேண்டிய புத்தகம் இது. எந்த எழுத்துரு, என்ன அளவு?

பாலையடி:
முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றுங்கள். பாமினியில் பலர் 'ர்' வரவேண்டிய இடத்தில் அரவைப் ('ா') போட்டுக் குற்று (மேற்புள்ளி) வைத்திருப்பார்கள், பார்வைக்கு ஒன்றுதான். மாற்றியதும் 'அவர்' உடைந்து புள்ளிவட்டம் தெரியும். அரவு+குற்றைத் தேடி 'ர்' ஆக்குங்கள். அந்தச் சேர்க்கை தமிழில் எங்கும் வராது, ஒரேயடியாக மாற்றலாம். ஔகாரத்தில் அப்படிச் செய்யாதீர்கள்: ஔகாரக் குறிக்குப் பதில் 'ள' அடித்த 'கெளரவம்' பிழை, ஆனால் 'கெளிறு' (மீன்) சரி. ஒவ்வொன்றாகப் பார்த்தே திருத்த வேண்டும். இடையில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் தமிழ்க் குப்பையாகும்.

எழுத்துரு, நோட்டோ செரிஃப் தமிழ். இலவசம், தடிப்பும் மெலிவும் அளவாக இருக்கும். 11 பொயின்ற், வரியிடை 17. ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து 13 வைத்தால் மேல்வரி 'ழூ'வின் வால் கீழ்வரி 'ணீ'யின் சுழியில் முட்டும். பாடல்களை இடப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்துங்கள். இருபக்கமும் இழுத்தால் சொல்லுக்குச் சொல் ஓட்டை விழும். மடங்கும் அடியை 5 மில்லிமீற்றர் உள்தள்ளினால் அது புது அடியல்ல என்பது தெரியும்.

நெடுங்கேணி:
தலைப்புக்குத் தடித்த எழுத்துருக் கோப்பையே நிறுவிப் பாவியுங்கள். அது இல்லாமல் தடிப்புப் பொத்தானை அமத்தினால் கணினி விளிம்பை வீங்க வைக்கும்; மை பரவியதும் 'ஞ', 'ஜ' உள்வெளி அடைபடும்.

முறிகண்டியான்:
நன்றி. வேர்ட்டிலிருந்தே பிடிஎவ் கொடுக்கலாமா?

பாலையடி:
வேண்டாம். அதன் கறுப்பு பெரும்பாலும் நான்கு நிறக் கலவையாகப் பிரியும். பிளேற் (அச்சுத் தகடு) ஒரு மயிரளவு விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிறநிழல் விழும். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கறுப்பு மட்டும் 100 வீதம் வையுங்கள். பந்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கொம்போசரைத் தெரிவு செய்யாவிட்டால் 'கெ'யின் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கும்.

நெடுங்கேணி:
மாரிக்குள் அடிப்பதென்றால் தாள் கட்டை முதல்நாளே பிரிக்க விடாதீர்கள். ஈரம் குடித்த தாள் விளிம்பு அலையடித்து மடிப்புப் பிசகும். தாளின் நார் முதுகுக்கு இணையாக ஓடுகிறதா என்றும் கேளுங்கள். குறுக்கே ஓடினால் புத்தகம் விரிந்து நிற்காது.