மண்ணில் கிடக்கும் விதைகளுக்கு ‘விதை வங்கி’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

களைச்செடிகளைப் பற்றிய துறையான களையியலின் சொற்பட்டியலில் ‘soil seed bank’ என்பதற்கு உள்ள ‘மண் விதை வங்கி’ என்னும் சொல்லை ஏற்பதற்கு முன் அதை ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன். நிலத்தின் மேலும் உள்ளும் முளைக்காமல், ஆனால் உயிரோடு கிடக்கும் விதைகளின் மொத்தமே இங்கே குறிக்கப்படும் பொருள். ‘விதை வங்கி’ என்பதோ, பாரம்பரிய நெல் வகைகளைச் சேமித்து உழவர்களுக்குக் கொடுத்து வாங்கும் அமைப்புக்குத் தமிழில் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்ட பெயர். ‘பார்த்தீனியக் களையின் விதை வங்கியை அழிக்க வேண்டும்’ என்று ஒரு கையேடு எழுதினால், அப்படி ஒரு வங்கியை யார் நடத்துகிறார்கள் என்றே உழவர் கேட்பார்.

‘புதைவிதை’ என்ற மாற்றும் முழுமையாகப் பொருந்தவில்லை. மேற்பரப்பிலேயே கிடக்கும் விதைகளும் இந்தத் தொகையில் அடக்கம். மேலும், கிடக்கும் இடத்தைப் பொறுத்தே அவற்றின் ஆயுளும் மாறுகிறது. பார்த்தீனியத்தில் ஒரு செடி 15,000 முதல் 25,000 விதைகள் வரை தரக்கூடும். அவற்றுள் வெயிலும் மழையும் படும்படி மேலே கிடப்பவை விரைவில் உயிர்ப்பை இழக்கின்றன. உழவின்போது சில சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போனவை பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கின்றன. இவ்விரு பகுதிகளையும் ஒரே சொல்லுக்குள் அடக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே ‘மண்விதை இருப்பு’ என்பதை முன்மொழிகிறேன். கையிருப்பு, நெல் இருப்பு, இருப்புக் கணக்கு எனப் புழக்கத்தில் உள்ள சொல் இது. வரவு, செலவு, மீதம் என்னும் கருத்துகளை இயல்பாக ஏற்கும். செடியிலிருந்து உதிர்வது வரவு. முளைப்பதும் அழுகுவதும் எறும்பு தின்பதும் செலவு. (இருப்புப் பாதையின் ‘இருப்பு’ இரும்பைக் குறிப்பது என்பதை எவரும் எடுத்துக்காட்டும் முன் நானே சொல்லிவிடுகிறேன், இடம் நோக்கிப் பொருள் கொள்வதில் தமிழர்க்குச் சிரமம் இல்லை.)

இச்சொல்லின் பயன் சீமைக்கருவேலத்தைப் பற்றி எழுதும்போது தெளிவாகத் தெரியும். மெக்சிகோ முதல் தென்னமெரிக்காவின் வடபகுதி வரை இயல்பாக வளரும் இம்மரம், 1870களில் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதிக்கு விறகுக்காகக் கொண்டுவரப்பட்டது. இனிப்பான அதன் நெற்றுகளை ஆடுமாடுகள் தின்கின்றன. கடினமான மேலுறையால் பல விதைகள் செரிமானத்துக்குத் தப்பிச் சாணத்தோடும் புழுக்கையோடும் புதிய நிலங்களில் விழுகின்றன. அதே உறை நீரை எளிதில் உள்ளே விடாததால் அவை உடனே முளைக்காமல் நெடுநாள் கிடக்கின்றன. மரத்தை வெட்டினாலோ, நிலமட்டத்துக்குக் கீழே தண்டும் வேரும் கூடும் இடத்தில் உள்ள மொட்டுகள் மீண்டும் துளிர்க்கின்றன. எனவே வெட்டிய இடத்தில் மறுபடியும் பச்சை தெரிந்தால் அது விதையிலிருந்து வந்த முளைப்பா, அடிக்கட்டையிலிருந்து வந்த துளிர்ப்பா என்று பிரித்துச் சொல்வது அவசியம். முதலாவதற்கு ‘விதை இருப்பு’, இரண்டாவதற்கு ‘மொட்டு இருப்பு’ என இணையாக வைத்துக்கொள்ளலாம். ‘மொட்டு வங்கி’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

உட்பிரிவுகளையும் இப்போதே முடிவு செய்வது நல்லது. ஓராண்டுக்குள் தீர்ந்துவிடுவது, ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை நீடிப்பது, அதற்கு மேலும் நிலைப்பது என மூவகையாக ஆய்வாளர்கள் பிரிக்கிறார்கள். இவற்றை முறையே நிலையா இருப்பு, குறுங்கால நிலையிருப்பு, நெடுங்கால நிலையிருப்பு எனலாம். குளத்துச் சேற்றில் ஆகாயத்தாமரை விட்டுச்செல்லும் விதைகள் மூன்றாம் வகை. அவை 15 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடும். சேற்றையும் ‘மண்’ என்பதில் அடக்குவதா, நீர்நிலைகளுக்கு மட்டும் ‘சேற்றுவிதை இருப்பு’ எனத் தனிச்சொல் வைப்பதா என்பதில் மீன்வள, நீரியல் துறை நண்பர்களின் கருத்தை எதிர்பார்க்கிறேன். ஒரே சொல் போதும் என்பதே என் சாய்வு.